யோசிப்போர் பிரிவு

பள்ளி இறுதித் தேர்வின் சான்றிதழ் கைக்கு வந்த மறுநாளே வீட்டில் எல்லாரும் அந்தப் பெண்ணிடம் ஒரே கேள்வியைக் கேட்க ஆரம்பித்தார்கள். "அடுத்து என்ன?" பல் துலக்கிக்கொண்டே அப்பா கேட்டார். துணி மடித்துக்கொண்டே அம்மா கேட்டாள். வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர்கூடக் கேட்டார். வாங்க வந்ததை வாங்கிக்கொண்ட பிறகும் பதிலுக்காக ஐந்து நிமிடம் நின்றார்.

பெற்றவர்கள் அவளுக்கு ஒரு நல்ல பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஓரிடத்தில் உட்காராததால் பம்பரம் என்ற பெயரே நிலைத்துவிட்டது. பாடங்களையும் அவள் நடந்துகொண்டேதான் படித்தாள். கூடத்துத் தரையில் ஒரு கோடு தேய்ந்ததும், வேதியியலில் அறுபத்தெட்டு மதிப்பெண் வந்ததும் அப்படித்தான்.

அப்பா ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்குபவர். "வாழ்க்கையில எத்தனை பேரை மேல ஏத்திவிட்டிருக்கேன் தெரியுமா?" என்று சொல்லி அவரே சிரிப்பார். அம்மாவுக்கு மருத்துவமனையில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. அங்கேயே ஆம்புலன்ஸ் உதவியாளர் பயிற்சியில் ஓர் இடம் இருப்பதாக அவள்தான் விசாரித்துக்கொண்டு வந்தாள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் பள்ளிச் சான்றிதழின் அசலோடு போய்க் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. "அக்கா, இவள ராணுவத்துல சேத்துவிடு. ஒழுக்கம் வரும், உடம்பு இறுகும், நாலு ஊர் பாப்பா" என்றார். மாமா செருப்புக்கடை வைத்திருந்தார். ராணுவத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. அதனால் அதைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவுமே இல்லை.

பம்பரத்துக்கும் அந்த எண்ணம் கசக்கவில்லை. ஓடலாம், ஏறலாம், குதிக்கலாம். உட்காரச் சொல்லாத வேலை உலகத்தில் வேறென்ன இருக்கிறது? ஆனால் இரவில் புரண்டு படுக்கும்போது ஒரு பயமும் கூடவே புரண்டது. அம்மாவிடம் சொன்னாள்.

"சேர்றதுன்னா நீயா சேரு. வேணாம்னாலும் நீயா சொல்லு" என்றாள் அம்மா. "கடவுள் உனக்கு ரெண்டு கால் குடுத்திருக்கார், ஒரு தலையும் குடுத்திருக்கார். இதுவரைக்கும் காலத்தான் உபயோகிச்சிருக்க. ஒரு தடவை மத்ததையும் தொட்டுப் பாரு."

ஆகவே பம்பரம் ஒரு துண்டுத் தாளில் மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டாள். எத்தனை வருஷம்? பிடிக்கவில்லை என்றால் திரும்பி வரலாமா? உண்மையில் அங்கே என்ன வேலை? திங்கட்கிழமை காலை அந்தத் தாளையும் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குப் போனாள். அரை மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று அடுப்பில் பால் வைத்துவிட்டுப் போகிறவள்போலப் போனாள்.

அலுவலகம் சுத்தமாக இருந்தது. ஒரு மேசை, ஒரு விசிறி, சுவரில் ஒரு பெரிய படம். படத்தில் ஒரு வீரர் மலையுச்சியில் நின்று தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட கிளார்க் ஒருவர் இருந்தார்.

"சேர வந்தியா, மறுக்க வந்தியா?"

"கேக்க வந்தேன் சார்."

"அது இல்ல." கிளார்க் இரண்டு பதிவேடுகளைக் காட்டினார். "இது சேர்ந்தவங்க. இது மறுத்தவங்க. உள்ள வந்த தலை எல்லாம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு ரெண்டுல ஒண்ணுல இருக்கணும். நீ எதுல?"

"சரி, மறுத்தவங்கள்ல போட்டுக்குங்க சார். நாளைக்கு வேற யார்கிட்டயாவது கேட்டுக்கறேன்."

"மறுக்கணும்னா முதல்ல சேரணும். சேராதவங்க எப்படிம்மா மறுக்க முடியும்?" கிளார்க் கோபமாகச் சொல்லவில்லை. மழை மேலிருந்து கீழே பெய்யும் என்பதைச் சொல்வதுபோலச் சொன்னார். "சான்றிதழைக் குடு. மேஜர்கிட்ட கேட்டுட்டு வரேன்."

குடு என்றதும் கொடுத்தாள். பதினெட்டு வயதில் பிள்ளைகள் செய்யும் தவறுகளில் இதைவிடப் பெரியது அதிகம் இல்லை.

மேஜர் நல்ல மனிதர். யாரையும் அதட்டமாட்டார், விதிப்புத்தகத்தைத் திறந்து அதையே அதட்ட விட்டுவிடுவார். பம்பரம் சொன்னதை முழுக்கக் கேட்டார். "அப்படின்னா நீ இன்னும் யோசிக்கிற?"

"ஆமா சார்."

"இதுவரைக்கும் இந்த ஆபீஸுக்கு யாரும் யோசிச்சுக்கிட்டு வந்தது இல்ல." மேஜரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இருபது வருடமாக ஒரே இரண்டு பதிவேடுகளைப் பார்த்த மனிதருக்கு மூன்றாவது ஒன்று கிடைத்த வெளிச்சம். "யோசிக்கறது நல்ல விஷயம். அத முறையா செய்யணும். தனியாளா, கண்ட இடத்துல, கண்ட நேரத்துல செஞ்சா அது யோசனை இல்ல, குழப்பம்."

பதினொரு மணிக்கு யோசிப்போர் பிரிவு தொடங்கப்பட்டது. பதினொன்றே காலுக்குக் கிளார்க் மேசையின் கீழ் டிராயரில் 'யோசிப்போர்' என்று ஒரு சீட்டு ஒட்டினார். பம்பரத்தின் சான்றிதழ் அதற்குள் போனது. டிராயரில் எத்தனை தாளோ, வரிசையில் அத்தனை தலை. மணிக்கு ஒரு முறை எண்ணிச் சரிபார்க்க வேண்டும் என்பது உத்தரவு.

மாலையில் வீட்டுக்குப் போகவிட்டார்கள். கையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'மேற்படி நபர் இரவில் வீட்டில் வைத்து எந்த முடிவும் எடுக்கவில்லை' என்று பெற்றவர் கையெழுத்திட்டு, காலை எட்டு மணிக்குத் திருப்பித் தர வேண்டும்.

அப்பா அதை இரண்டு முறை படித்தார். "இந்த வீட்டுல யார் எப்ப முடிவெடுத்திருக்கோம்? தைரியமா கையெழுத்துப் போடலாம்" என்று போட்டார்.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்கு முன்னாலிருந்த மைதானத்தில் அணிவகுப்புப் பயிற்சி கொடுக்க ஒரு சார்ஜென்ட் வந்தார். இருபத்தாறு வயதுப் பெண். குரல் மட்டும் ஐம்பது வயது.

"யோசனை... தயார்!"

வலது கையை முகவாயில் வைக்க வேண்டும். இடது கை முதுகுக்குப் பின்னால். பார்வை மேல்நோக்கி, எதிர்ச் சுவரின் கடிகாரத்துக்கு ஒரு சாண் மேலே.

"யோசனை... தொடங்கு!"

பம்பரம் யோசித்தாள். முதுகில் வெயில் ஏறியது. ஓடலாம், ஏறலாம் என்று நினைத்து வந்தவளுக்கு முகவாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை கிடைத்திருந்தது. கால் தானாக ஆடியது.

"அசையாதே! அசைஞ்சா யோசனை சிதறும்!"

"அசையாம இருந்தா எனக்கு யோசனையே வராது மேடம்."

சார்ஜென்ட் மேஜரின் ஜன்னலைப் பார்த்தார். "யோசனை... நிறுத்து!" என்றார் பிறகு, கொஞ்சம் மெதுவாக.

பத்தரை மணிக்கு விசிறி ரிப்பேர் பார்க்க ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயது, கையில் ஏணி. கிளார்க் பழக்கதோஷத்தில் "சேர வந்தீங்களா?" என்று கேட்டார். அவர் தமாஷாக "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றார்.

அவரையும் பம்பரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அவருடைய எலக்ட்ரீஷியன் லைசென்ஸ் டிராயருக்குள் போனது. வயது தாண்டிவிட்டதே என்று அவர் வாதாடிப் பார்த்தார். சேர்வதற்குத்தான் வயது வரம்பு, யோசிப்பதற்கு எந்த விதியும் வயது வைக்கவில்லை என்று மேஜர் அன்போடு விளக்கினார்.

"என் வீட்டுக்காரிகிட்ட இருபது வருஷமா 'யோசிச்சுச் சொல்றேன்'னுதான் சொல்றேன்" என்றார் விசிறிக்காரர், முகவாயில் கை வைத்தபடி. "அவ ஒருநாள்கூட என்னை வெயில்ல நிறுத்தல. அவ அருமை இப்பத்தான் தெரியுது."

உள்ளே விசிறி ஓடாமலே நின்றது.

புதன்கிழமை எல்லாருக்கும் தாள் கொடுத்தார்கள். யோசித்ததை மூன்று பிரதிகளில் எழுத வேண்டும். பம்பரம் தன் மூன்று கேள்விகளையும், கீழே 'பயமாக இருக்கிறது' என்றும் எழுதினாள். மதியம் அது திரும்பி வந்தது. 'பயமாக இருக்கிறது' என்ற இடத்தில் 'ஆர்வமாக இருக்கிறது' என்று சிவப்பு மையில் திருத்தியிருந்தார்கள். கீழே ஒரு முத்திரை: 'தங்கள் கேள்விகள் கேள்விகளாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டன.'

அன்றைக்குள் பிரிவில் ஏழு பேர் ஆகிவிட்டார்கள். அதில் இரண்டு பேர் தபால் நிலையத்துக்கு வழி கேட்க வந்தவர்கள். "இடது பக்கமா போறதா, வலது பக்கமா போறதான்னு யோசிச்சுக்கிட்டிருந்தோம்" என்று உண்மையைச் சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா அக்கா? மூணே நாள்ல தனிப் பிரிவே ஆரம்பிச்சுட்டாங்க!"

அம்மா மகளுடைய காலில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். "நாளைக் கழிச்சு வெள்ளிக்கிழமை" என்றாள். "எந்தப் பக்கம்னாலும் எனக்குச் சம்மதம்தான்டி. ஆனா அந்தப் பக்கத்துக்கு நீ நடந்து போகணும். யாரும் உன்னைத் தள்ளிக்கிட்டுப் போகக்கூடாது."

"சான்றிதழ் அவங்ககிட்ட இருக்கேம்மா."

"கேளு. கேட்டா குடுக்கற மனுஷன் எல்லா எடத்துலயும் ஒருத்தராவது இருப்பார். கடவுள் அப்படி ஒருத்தரை வைக்காம எந்த ஆபீஸையும் திறக்க விடமாட்டார்."

வியாழக்கிழமை கர்னல் வந்தார். இப்படி ஒரு பிரிவு நாட்டிலேயே முதல்முறை என்று மேஜர் அறிக்கை அனுப்பியிருந்தார். சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். வெள்ளை அடிக்க வந்தவர் எந்த நிறம் என்று யோசித்ததால் அவரும் வரிசையில் நின்றார். பத்துப் பேர் முகவாயில் கை வைத்து நிற்க, கர்னல் மேடையேறிப் பேசினார்.

"பிள்ளைகளே! நம் ராணுவம் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. விருப்பத்தோடுதான் வர வேண்டும். விருப்பம் இல்லாதவர்களுக்கு அது வரும்வரை காத்திருக்கும் பொறுமை நம்மிடம் உண்டு. பூட்டும் உண்டு." கை தட்டினார்கள். "நீங்கள் சுதந்திரமாக யோசிக்க வேண்டும் என்று உத்தரவிடுகிறேன். நான் பதினெட்டு வயதில் சேர்ந்தேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு இந்த முப்பத்திரண்டு வருடத்திலும் யோசித்ததில்லை. இன்று நான் எங்கே நிற்கிறேன் என்று பாருங்கள்!"

எல்லாரும் பார்த்தார்கள். அவர் ஒரு மரப்பெட்டியின் மேல் நின்றுகொண்டிருந்தார்.

பிறகு வரிசையைப் பார்வையிட்டவர், முதல் ஆளான பம்பரத்தின் முன் நின்றார். "நீ என்னம்மா யோசிக்கிறாய்?"

அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. கேட்டாள். "சார், நாளைக்கு நாலு மணிக்குள்ள என் சான்றிதழ் வேணும். ஆம்புலன்ஸ் பயிற்சியில இடம் வெச்சிருக்காங்க. அதா இதான்னு நான் முடிவு பண்ணணும்."

கர்னல் மேஜர் பக்கம் திரும்பினார். "பார்த்தீர்களா? நாளை நாலு மணி வரை யோசிக்கும் உறுதி! இந்தப் பெண்ணை ஐந்து மணி வரை யோசிக்க வையுங்கள்."

அவள் சட்டையில் ஒரு பதக்கம் குத்தினார்கள். ஊசி கொஞ்சம் தோலிலும் ஏறியது.

வெள்ளிக்கிழமை. இரண்டு மணிக்குப் பம்பரம் வரிசையை விட்டு நேராகக் கிளார்க்கிடம் போனாள்.

"சார், நான் முடிவு பண்ணிக்கறேன். பேப்பரைக் குடுத்துருங்க."

"முடிவா?" கிளார்க் திடுக்கிட்டார். "உனக்கு யோசிக்கத்தான்மா அனுமதி. முடிவெடுக்கறது குழு. மாசம் ஒண்ணாம் தேதி கூடுவாங்க."

"என் முடிவ அவங்க எடுப்பாங்களா?"

"ரொம்ப நல்லா எடுப்பாங்க. அனுபவம் உள்ளவங்க."

பம்பரத்துக்கு அழுகை வரவில்லை; கால்தான் வந்தது. வராந்தாவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள். திரும்பினாள். மறுபடி நடந்தாள். நாலாவது தடவை திரும்பியபோது சார்ஜென்ட் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

"அந்த மூணு கேள்வி என்ன?" என்றார். குரல் இப்போது இருபத்தாறு வயதுக் குரலாக இருந்தது.

பம்பரம் துண்டுத் தாளை நீட்டினாள். வேர்வையில் அது துணிபோல ஆகியிருந்தது.

சார்ஜென்ட் சுவரில் சாய்ந்துகொண்டு படித்தார். "எத்தனை வருஷம்? கையெழுத்துப் போடறது ஏழு. நான் போட்டு எட்டாயிருச்சு. திரும்பி வரலாமா? வரலாம். ஆனா போனவங்க பேரை அதுக்கப்புறம் இங்க யாரும் சொல்லமாட்டாங்க. அதனால போகவே முடியாதுன்னு தோணும். என்ன வேலை?" தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "காத்திருக்கறது. நிக்கறது. யாரோ கத்தறதுக்காக நிக்கறது, அப்புறம் நாமளே கத்தறது."

"நல்லதுன்னு ஒண்ணுமே இல்லையா மேடம்?"

"ஏன் இல்ல? பக்கத்துக் கட்டில்ல படுத்திருக்கறவ எனக்காகத் தீயில குதிப்பா. அது பொய் இல்ல. ஒரு தடவை வெள்ளம் வந்துச்சு. ஒரு பெரியவரை முதுகுல தூக்கிக்கிட்டு இடுப்பளவுத் தண்ணியில ஒரு மைல் நடந்தேன். வழியெல்லாம் என் காதுக்குள்ள ஏதோ பாடிக்கிட்டே வந்தார். எட்டு வருஷத்துல எனக்குப் பிடிச்ச நாள் அதுதான். அன்னைக்கு எனக்கு யாரும் உத்தரவு போடல."

"அப்ப நான் சேரட்டுமா, வேணாமா?"

"நான் சொல்லமாட்டேன். சொன்னா நானும் ஒரு குழு ஆயிருவேன்." சார்ஜென்ட் சிரித்தார். அவர் சிரித்துப் பம்பரம் பார்த்தது அதுதான் முதல் தடவை. "நீ நடந்தாத்தான் உனக்கு யோசனை வரும்ன. இங்க நடக்க விடமாட்டாங்க. வா."

தன் அறைக்குப் போய்ப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்துக்கொண்டு, கிளார்க்கின் மேசைக்கு வந்தார்.

"அண்ணே, டிராயர்ல எத்தனை பேப்பர் இருக்கணும்?"

"பதினொண்ணு."

"வரிசையில எத்தனை தலை?"

"பதினொண்ணு."

"ஒண்ணு வெளிய போயி, ஒண்ணு உள்ள வந்தா?"

கிளார்க் விரல் விட்டுப் பார்த்தார். "பதினொண்ணுதான்."

சார்ஜென்ட் கவரைப் பிரித்துத் தன்னுடைய பள்ளிச் சான்றிதழை மேசையில் வைத்தார். ஓரங்கள் மஞ்சளாகிப் போயிருந்தன. "என் ஒப்பந்தம் போன வருஷமே முடிஞ்சது. தொடர்றதா வேணாமான்னு படிவம் இப்பத்தான் வந்திருக்கு. அதுல ஒரே ஒரு கட்டம்தான் இருக்கு, 'தொடர்கிறேன்'னு. நானும் யோசிக்கணும்ணே. எட்டு வருஷத்துக்கு முன்னாடி யோசிக்க வேண்டியது."

கிளார்க் சான்றிதழைப் பார்த்தார். பம்பரத்தைப் பார்த்தார். விதிப்புத்தகத்தைத் திறந்தார். யாருடைய தாள், யாருடைய தலை என்று அது எங்கேயும் சொல்லவில்லை. எண்ணிக்கை மட்டுமே சொல்லியது. பிறகு அவர் டிராயரை முழுக்க இழுத்துத் திறந்து வைத்துவிட்டு, "என் கண்ணாடியைக் காணோமே" என்று எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் தேடத் தொடங்கினார். கண்ணாடி அவர் மூக்கிலேயே இருந்தது.

உலகத்தில் பெரிய பெரிய தர்மங்கள் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிக் கல்வெட்டு வைப்பார்கள். போட்டிருக்கும் கண்ணாடியை இரண்டு நிமிடம் தேடிய மனிதருக்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை. மேலே இருப்பவன் அதையெல்லாம் வேறெங்கோ எழுதிவைத்துக்கொள்கிறான் என்று நம்ப வேண்டியதுதான்.

பம்பரம் தன் சான்றிதழை எடுத்துக்கொண்டாள். பதக்கத்தைக் கழற்றிச் சார்ஜென்டிடம் நீட்டினாள்.

"அது வேணாம் தங்கச்சி. குத்தும்" என்றார் அவர். பிறகு வெயிலில் இறங்கிப் போய், விசிறிக்காரருக்குப் பக்கத்தில் நின்று, வலது கையை முகவாயில் வைத்துக்கொண்டார்.

பம்பரம் ஓடினாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கக் காலுக்குப் பொறுமை இல்லை. முதல் தெருவில் ராணுவம் என்றது மனம். பக்கத்துக் கட்டில்காரி தீயில் குதிப்பாளே. இரண்டாவது தெருவில் அம்மாவின் ஈரக் கைகள். சந்தைக்குப் பின்னால் மூச்சு வாங்கியபோது, முதுகில் ஒரு பெரியவர், இடுப்பளவுத் தண்ணீர், காதுக்குள் ஒரு பாட்டு. அந்த நாளுக்காக ஏழு வருடம் முகவாயைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டுமா? அப்படிப்பட்ட நாளையே தினமும் வேலையாகக் கொடுக்கிற ஓர் இடம் பயிற்சி மையத்தின் மூன்றாம் நம்பர் அறையில் நாலு மணி வரைக்கும் திறந்திருக்கிறது. மருத்துவமனைச் சுவர் தெரிந்தபோது இரவில் புரண்ட பயம் நின்றிருந்தது. எப்போது நின்றதென்று அவளுக்குத் தெரியவில்லை.

மணி மூன்று ஐம்பத்திரண்டு. கையெழுத்துப் போட்டாள்.

ஆறு வாரம் கழித்து, பயிற்சி ஆம்புலன்ஸ் அந்த அலுவலகத்தின் வழியாகப் போனது. முன் இருக்கையிலிருந்து பம்பரம் எக்கிப் பார்த்தாள். மைதானம் நிறைந்திருந்தது. நாற்பது ஐம்பது பேர், பாதிப் பேர் சீருடையில், முகவாயில் கை வைத்து, எதிர்ச் சுவர்க் கடிகாரத்துக்கு ஒரு சாண் மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள். விசிறிக்காரரைக் காணவில்லை. சார்ஜென்டைக் காணவில்லை, அவருக்குப் பதிலாக அவர் நின்ற இடத்தில் கிளார்க் நின்றுகொண்டிருந்தார், கக்கத்தில் இடுக்கிய டிராயரோடு. "நிறுத்து" என்று கத்துவதற்கு ஆள் மிச்சமில்லாததால், மேஜர் மட்டும் வரிசைக்கு முன்னால் விரல் விட்டு எண்ணிக்கொண்டே இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தார்.

டிரைவர் அண்ணன் வண்டியை மெதுவாக்கினார். "என்னம்மா இது, இத்தனை பேர் இப்படி நிக்கறாங்க? ஏதாவது ஆயிருச்சா?"

"யோசிக்கிறாங்கண்ணா."

"ஆபத்து ஒண்ணும் இல்லையே?"

"அவங்களுக்கு இல்லண்ணா" என்றாள் பம்பரம். "நீங்க போங்க."